முன்வரிசை வாய் திறக்காத கூட்டம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்று போனில் சொன்னதை நான் பாதிதான் நம்புகிறேன், குரல் கட்டியிருந்தது, கேட்டால் ஏசிக் காற்று என்றாய், ஏசிக் காற்றுக்கு யாரும் அப்படி இருமுவதில்லை. ஒழுங்காகப் போய் ஒரு டாக்டரைப் பார், வெந்நீர் குடி, வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே. உன்னோடு புதிதாகத் தங்க வந்திருக்கும் பெண் தங்கமானவள் என்கிறாய், இருந்துவிட்டுப் போகட்டும், ஆனாலும் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு, நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம். என் முழங்கால் தையல் மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு கொஞ்சம் தேவலை. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார், அவரும் தேர்தலில் நிற்கலாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருப்பார். இது அவரைப் பற்றிய விஷயம், உன்னைப் பற்றியதும்கூட, அதனால்தான் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு துணி வெட்டும் மேஜையிலேயே தாளை விரித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டமன்றத் தேர்தல் நேற்று முடிந்தது, ஓட்டு எண்ணுவது அடுத்த வாரம். நம் தொகுதியில் நின்றவர்களில் மூன்று பேர்தான் பேசப்பட்டவர்கள். ஒருவர் லாரிக்காரர், உனக்கே தெரியும், நீ பள்ளிக்கூடம் போகும்போது தெருவை அடைத்து நிற்குமே, அந்த லாரிகளுக்கெல்லாம் சொந்தக்காரர். இன்னொருவர் வக்கீலம்மா. மூன்றாமவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் கட்சியும் இல்லை. இந்தத் தடவை எல்லாம் நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான். அதை மூடப்போவதில்லை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு இணைக்கப்போகிறோம் என்று லாரிக்காரர் சொல்கிறார். இணைத்த பிறகு இந்த இடம் என்னவாகும் என்று கேட்டால், ஒரு கம்பெனி பெரிய கிடங்கு கட்டப்போகிறது, உதிரிபாகங்களைச் சோதித்துப் பெட்டி போட்டு அனுப்புவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை, கம்பெனிக்குப் பத்து வருஷம் வரி கிடையாது, நம் கடைத்தெருவுக்கும் வரியைக் குறைப்போம் என்கிறார். பெரியவனுக்கு வரி இல்லை, சின்னவனுக்கு வரி குறைவு என்றால் தெருவிளக்குக்கு யார் கட்டுவார்கள் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. வக்கீலம்மா பள்ளி இங்கேயே இருக்கும், பன்னிரண்டாம் வகுப்புவரை ஆக்குவேன், வாத்தியார்களைக் கூட்டுவேன் என்கிறார், கேட்கக் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் தேர்தல் அலுவலகம் வைத்திருப்பது அவருடைய கொழுந்தனாரின் தனியார் பள்ளி மாடியில். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு இங்கே இலவசப் பள்ளியை வளர்ப்பார்களா, நீயே சொல். கண்டக்டர் பாவம், எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொன்னார். வரியே வேண்டாம் என்றால் ஆமாம், பள்ளிக்கு இரண்டு மாடி வேண்டும் என்றால் அதற்கும் ஆமாம். டிக்கெட் கேட்டவருக்கெல்லாம் கிழித்துக் கொடுத்துப் பழகிய கை.

அப்பாவை உனக்குத் தெரியும். வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரான நாளிலிருந்து எந்த வேட்பாளர் வந்தாலும் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டே அவர்களைத் தெருவைவிட்டு ஓட்டுபவர். லாரிக்காரரை நம் வீட்டில் டயர் என்று தவிர வேறு பெயரில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தத் தடவை மூன்று பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேட்கலாம், முதல் கேள்வியே பள்ளிக்கூடம்தான் என்று சங்கத்தில் சொன்னதும் அவர்தான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, டயர் இன்றைக்கு எங்கே பேசுகிறான் என்று நான் சும்மா கேட்டேன். அவர் நம் கடைத்தெருப் பக்கம் வருகிறார் என்று அப்பா பதில் சொன்னார். அவன் அவராகிவிட்டான், கவனித்தாயா. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் அவன் என்று சொன்ன வாய்க்குத் திடீரென்று மரியாதை எங்கிருந்து வந்தது. அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன், அப்பா என்னை சிஐடி என்று கேலி செய்வது உனக்குத் தெரிந்ததுதானே. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். நல்ல சட்டையை வார நாளில் எடுத்துப் போட்டார். ஒரு நாள் காலையில் முகம் துடைத்துக்கொண்டே, நம் பெண் பார்க்கிற வேலைக்குச் சரியான பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். நீ வேலைக்குப் போய் இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன பெயர் வேண்டியிருக்கிறது என்றேன். யாரோ கேட்டார்கள் என்றார். யார் என்றேன். யாரோ என்றார். தரப் பரிசோதனை, குவாலிட்டி கன்ட்ரோல் என்று சொன்னேன், அதை உதட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

நான் உன்னை அதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. கிடங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆர்டரைத் தருவதாக ஆசை காட்டியிருப்பார்கள், இவர் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேராகவே கேட்டேன். அரசியலெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. என்ன கோபம் வந்தாலும் சொன்னதில்லை. அன்றைக்குத் தைத்த சட்டைகளில் இரண்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துப் பிறகு பிரித்தேன்.

கூட்டம் பேக்கரிக்கு மேலே இருக்கும் சங்க ஹாலில் நடந்தது. கீழே ரொட்டி வேகும் சூடு தரை வழியாக ஏறும், மேலே இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றாது, அப்படியும் ஹால் நிரம்பிவிட்டது. மேடையில் மூன்று வேட்பாளர்கள், நடுவில் மைக்கோடு அப்பா. முன்வரிசையில் பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர், எலக்ட்ரிக் கடைக்காரர், சங்கத்து ஆட்கள் எல்லாம். பள்ளித் தலைமையாசிரியை கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை வரியைப் பற்றிக் கேட்டார்கள், சாக்கடையைப் பற்றிக் கேட்டார்கள், வண்டி நிறுத்த இடமில்லை என்று அரை மணி நேரம் பேசினார்கள். வக்கீலம்மா பெரிய கடைகளுக்கு மட்டும் வரியைக் கூட்டுவேன் என்றார், எது பெரிய கடை என்று யாரோ கேட்டதும் அதைக் குழு வைத்து முடிவு செய்வோம் என்று நழுவினார். லாரிக்காரர் வேலை வேலை என்றே பேசினார். பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே வரவில்லை. வரும் வரும் என்று காத்திருக்கிறேன், அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது, டீ ஆறிவிடும், எல்லோருக்கும் நன்றி என்கிறார். நான் முன்வரிசையைப் பார்த்தேன். ஒருவர்கூட நிமிரவில்லை. பேக்கரிக்காரர் தரையைப் பார்க்கிறார், மருந்துக்கடைக்காரர் தன் சட்டைப் பொத்தானைத் திருகுகிறார். கடைசி வரிசையில் அந்தத் தலைமையாசிரியை மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மேடைப் பேச்செல்லாம் தெரியாது, எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே, சின்னப் பிள்ளைகள் நெடுஞ்சாலையை எப்படித் தாண்டுவார்கள், அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கலாமே என்றேன். லாரிக்காரர் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசியாச்சேம்மா. அவர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரரின் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கேட்டது. பள்ளி போனால் இந்தம்மாவுக்கு யூனிஃபார்ம் தையல் போய்விடும், அதற்குத்தான் இத்தனை துடிப்பு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது பொய்யும் இல்லையே. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையும் பாவாடையும்தான் என் கடைக்குப் பாதி வேலை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவளை ஊரும் சந்தேகப்படத்தானே செய்யும். டீக்குக்கூட நிற்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் நான் கத்தவில்லை, நம்பு. அவருக்கும் எனக்கும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, என்ன பேசியாச்சு என்று மட்டும் கேட்டேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. லாரிக்காரரின் ஆள் கடைக்கு வந்து, உங்கள் பெண் எங்கேயோ தூரத்தில் கஷ்டப்படுகிறாளாமே, கிடங்கில் ஒரு சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, தரம் பார்க்கிற வேலை, அவளுக்கென்றே வைத்திருக்கிறோம், நீங்கள் மட்டும் கூட்டத்தில் பள்ளிக்கூடத்தைக் கிளறாமல் இருங்கள் என்றானாம். "பணம் கொடுத்திருந்தா மூஞ்சியில எறிஞ்சிருப்பேன். அவ வீட்டுக்கே வந்துடுவான்னு சொன்னான். எனக்கு அதுக்கு மேல எதுவும் காதுல விழல" என்றார். அவர் அழவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள், ஒரு நிமிஷம் அந்தக் கிடங்கை நானே கட்டி முடித்துவிட்டேன். நீ சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பி வருவது தெரிந்தது, அம்மா பசிக்கிறது என்று சொல்வது கேட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நெடுஞ்சாலையைத் தாண்டும் பிள்ளைகள் யாரும் என் நினைவில் இல்லை. அதனால் அப்பாவை நான் ரொம்பத் திட்டவில்லை.

ஆனால் என் புத்தி உனக்குத் தெரியாதா. அந்த ஆசை அடங்கியதும் அடுத்த சந்தேகம் வந்தது. அந்த வேலை நிஜமா என்று நேரில் கேட்டுவிடுவோம், வாங்க என்று மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு லாரிக்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை, டீசல் வாடை, சுவரோரம் நாற்காலிகள். உள்ளே போனால் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். எங்களைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், தலைகீழாக. யாரும் யாரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கடைக்கு வந்துபோன அந்த ஆள் வந்தான், சிரித்த முகம், கையில் இரண்டு போன். பேக்கரிக்காரரைத் தண்ணீர் கேன் பக்கம் அழைத்துப்போய்க் குசுகுசுவென்று பேசினான். சின்ன அறை, கேட்காமல் என்ன செய்யும். சூப்பர்வைசர் வேலை உங்கள் பையனுக்குத்தான், வெளியே மூச்சு விடாதீர்கள் என்றான். அடுத்து மருந்துக்கடைக்காரரை அதே கேன் பக்கம் அழைத்தான், அவர் மருமகனுக்கும் அதே வேலை, அதே மூச்சு. பிறகு அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அப்பா எழுந்திருக்கவில்லை. நான்தான் கேட்டேன், "ஏன் தம்பி, அந்தக் கிடங்குல வேலை செய்ய ஆள் உண்டா, இல்ல எல்லாருமே சூப்பர்வைசர்தானா?" அவன் அதற்கும் சிரித்தான். தேர்தல் நேரத்தில் எல்லோரையும் அனுசரித்துத்தான் போக வேண்டும் அம்மா, ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். முதலில் எழுந்து வெளியே போனவர் பேக்கரிக்காரர். அவர் பையன் இரண்டு வருஷமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான், உனக்குத் தெரிந்திருக்காது. மூன்று ஆண்களும் எனக்கு முன்னால் ஒரே வரிசையில் தரையைப் பார்த்தபடி கடைத்தெருவரை நடந்து வந்தார்கள். முன்வரிசை ஏன் தரையைப் பார்த்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் ஒருவரைத்தான் நான் சந்தேகப்பட்டிருந்தேன், வரிசை முழுக்க ஆளுக்கொரு பிள்ளையைக் காட்டி வாயைப் பூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடியும் கூட்டம் போட்டார். அவராகத்தான் போட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. லாரிக்காரர் வரவில்லை, மற்ற இருவரும் வந்தார்கள். அப்பா மைக்கை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "என் பொண்ணுக்கு வேலை தர்றேன்னாங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். அதான் போன கூட்டத்துல பள்ளிக்கூடம் வரல. செயலாளரா வேற ஆளைப் போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சிலர் சிரித்தார்கள், எனக்கு அப்போது அந்தச் சிலரை அடிக்கலாம் போல இருந்தது. ஒரு தகப்பன் எழுந்து, என் பிள்ளை தினமும் அந்த நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டி வந்திருந்தால் நீங்கள் வந்து கையைப் பிடித்திருப்பீர்களா என்று கேட்டார், அப்பா மைக்கை மேஜையில் வைத்துவிட்டார். பிறகு பேக்கரிக்காரர் எழுந்து தானும் அப்படித்தான் என்றார். மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை, அவர் மனைவி எழுந்து அவருக்காகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள், எனக்கு அது போதும். தலைமையாசிரியை பேசினார், சண்டை போடவில்லை, எந்த வகுப்புக்கு வாத்தியார் இல்லை, மழை வந்தால் எந்த அறையில் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். வக்கீலம்மாவிடம் நான் இரண்டு கேள்வி கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்புவரை ஆக்கப் பணம் எங்கிருந்து வரும், கொழுந்தனார் பள்ளி மாடியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பள்ளியை எப்படி வளர்ப்பீர்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மாடியை வாடகை இல்லாமல் கொடுத்தார்கள் என்று வாங்கிக்கொண்டேன், அது தப்பாகத் தெரியும் என்று யோசித்திருக்க வேண்டும் என்றார். பணத்துக்கு, "முழுசா எங்கிருந்து வரும்னு எனக்கு இன்னும் தெரியலம்மா" என்றார். தெரியவில்லை என்று சொன்ன ஒரே வேட்பாளர் அவர்தான். அது நேர்மையா, இல்லை, இப்படிச் சொன்னால் இந்தம்மா விழுவாள் என்று கணக்குப் போட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கண்டக்டர் பணம் வந்துவிடும் என்றார்.

செயலாளர் வேலையை அப்பாவிடமிருந்து எடுத்து எலக்ட்ரிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் அப்பா கடையில் யாரோடும் பேசாமல் டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் புதுச் செயலாளர் சுற்றறிக்கை எழுதத் தெரியாமல் இவரிடமே வந்து நின்றார், இப்போது பரவாயில்லை. யார் ஜெயித்தாலும் முதலில் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறார்கள். வருவார்களா என்று எனக்கு நம்பிக்கையில்லை. நேற்று நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அப்பா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அரசியலெல்லாம் எனக்குப் புரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதியது அப்பாவை உன்னிடம் காட்டிக்கொடுக்க அல்ல. அவரிடம் இதைக் கேட்காதே, போனில் எப்போதும் போலப் பேசு. எனக்கு உறுத்துவது வேறு. உனக்கு இங்கே வேலை என்றதும் அப்பா ஒரு வேட்பாளர் பக்கம் போய் நின்றார், நானும் மனதுக்குள் ஒரு நிமிஷம் அவரோடு நின்றேன். ஆனால் நீ திரும்பி வர விரும்புகிறாயா என்று எங்கள் இருவரில் ஒருவரும் உன்னிடம் கேட்கவில்லை. லீவு எப்போது என்று கேட்டிருக்கிறோம், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறோம், இதைக் கேட்டதில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம்தான் என்று நினைக்கிறேன். இப்போது கேட்கிறேன். அங்கேயே இருக்க உனக்குப் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று எழுது. வர வேண்டும் என்று இருந்தால் அதை எழுது, வேலை பிறகு பார்க்கலாம். இன்னும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. எங்களுக்குப் பிடித்த பதிலாகப் பார்த்து மட்டும் எழுதிவிடாதே, அப்படிப் பதில் சொல்கிறவர்களை இந்த ஒரு மாதத்தில் நிறையப் பார்த்துவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும். பதிலை அப்பா பெயருக்கே அனுப்பு. நான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பதிலை மட்டும் முழுதாக நம்பக் காத்திருக்கும்
அம்மா